கரீபியன் தீவு விடுமுறையில் ஸ்கூபா: முக்குளிப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சுவாசிப்பதற்கான காற்றை ஒரு சிலிண்டரில் முதுகில் சுமந்துகொண்டு கடலுக்கு அடியில் நீந்துவது ஸ்கூபா முக்குளிப்பு எனப்படும். கரீபியன் கடலின் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவும், பெரும்பாலான இடங்களில் தெளிவாகவும் இருக்கிறது. பவளப்பாறைகள் பல தீவுகளில் கரையை ஒட்டியே தொடங்கிவிடுகின்றன. ஆகவே உலகில் அதிகமானோர் முக்குளிக்கச் செல்லும் கடல்களில் இதுவும் ஒன்று. இதற்கு வேண்டிய காற்று, கருவிகள், படகு, வழிகாட்டி ஆகியவற்றைத் தரும் நிறுவனத்தை அங்கே பொதுவாக 'டைவ் ஷாப்' என்று அழைக்கிறார்கள். ஒரு சிறிய தீவிலேயே பத்து, இருபது டைவ் ஷாப்புகள் இருக்கக்கூடும். எல்லாவற்றின் இணையதளத்திலும் ஒரே ஆமை, ஒரே நீலக் கடல், ஒரே சிரித்த முகங்கள்தாம்.

விடுதி சரியில்லை என்றால் ஓர் இரவுத் தூக்கம் கெடும். டைவ் ஷாப் சரியில்லை என்றால் விளைவு அப்படிச் சிறியதாக இருக்காது. 20 மீட்டர் ஆழத்தில் நாம் இழுக்கும் மூச்சை வேறு யாரோ முந்தைய நாள் இரவு சிலிண்டரில் நிரப்பியிருக்கிறார்கள். மேலே வரும்போது படகு அங்கே இருக்குமா என்பதும் நம் கையில் இல்லை. இருந்தும் பெரும்பாலோர் விலையையும் விடுதிக்கு உள்ள தூரத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் தீவு, பிறகுதான் நிறுவனம்

கரீபியன் என்பது ஒரே மாதிரியான கடல் அன்று. தீவுக்குத் தீவு முக்குளிக்கும் முறையே மாறுகிறது. அதனால் ஒரு தீவில் சிறந்ததாக இருக்கும் நிறுவனத்திடம் நாம் எதிர்பார்ப்பது வேறு, அடுத்த தீவில் எதிர்பார்ப்பது வேறு.

வெனிசுவேலாவின் கரைக்கு வடக்கே உள்ள பொனேர் தீவை எடுத்துக்கொள்வோம். இது நெதர்லாந்தின் ஒரு சிறப்பு நகராட்சி. புழங்கும் பணமோ 2011 முதல் அமெரிக்க டாலர். 1962-இல் இங்கு வந்து சேர்ந்த டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க மாலுமியின் முயற்சியால் முக்குளிப்பு இங்கே ஒரு தொழிலாக வளர்ந்தது. 1979-இல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பொனேரின் தனிச்சிறப்பு, கரையிலிருந்தே கடலுக்குள் நடந்து சென்று முக்குளிப்பது. மேற்குக் கரையோரச் சாலையில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் ஒவ்வொரு முக்குளிப்பு இடத்தையும் காட்டுகின்றன. பயணிகள் ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு, விரும்பிய கல்லருகே நிறுத்தி இறங்கிவிடுகிறார்கள். வழிகாட்டி கட்டாயமில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் டைவ் ஷாப்பின் படகு எவ்வளவு பெரியது என்பது அவ்வளவு முக்கியமில்லை. சிலிண்டர் நிரப்பும் நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், மாலை நேரத்திலும் நிரப்பிய சிலிண்டர் கிடைக்குமா, ரெகுலேட்டர் பழுதானால் அன்றே மாற்றித் தருவார்களா என்பவையே முக்கியம். இன்னொன்று: வழிகாட்டி இல்லாமல் இருவர் மட்டும் இறங்கும்போது திசைகாட்டியைப் பயன்படுத்தவும் காற்றைக் கணக்கிடவும் அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அண்மையில்தான் பயிற்சி முடித்தவர் என்றால், முதல் இரண்டு நாள்களுக்காவது வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது நல்லது. "வழிகாட்டி எதற்கு, நீங்களே போகலாம்" என்று உங்கள் அனுபவத்தைக் கேட்காமலேயே சொல்லும் கடை, சோம்பேறிக் கடை.

மெக்சிகோவுக்குச் சொந்தமான கோசுமெல் தீவு இதற்கு நேர்மாறானது. அங்கே பாறைச் சுவரை ஒட்டி நீரோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முக்குளிப்பவர் நீந்துவதில்லை, ஓட்டம் அவரைக் கொண்டுபோகிறது. படகு நங்கூரம் போடாமல், மேலே வரும் காற்றுக்குமிழ்களைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்கிறது. எனவே கோசுமெலில் படகோட்டியின் கண்ணும் அனுபவமும்தான் நிறுவனத்தின் உண்மையான சொத்து. கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. குழுவில் ஒருவருக்குக் காற்று விரைவில் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? சில நிறுவனங்கள் எல்லோரையும் மேலே ஏற்றிவிடும். சில, அவருக்கு ஒரு மிதவையை ஏற்றி அனுப்பிவிட்டு மற்றவர்களுடன் தொடரும். இரண்டுமே நடைமுறையில் உள்ளவைதாம். ஆனால் காற்றை வேகமாகச் செலவழிக்கும் புதியவருக்கு, நடுக்கடலில் தனியாக மிதப்பது என்றால் என்ன என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சின்னஞ்சிறு சாபா தீவு மூன்றாவது வகை. அது கடலிலிருந்து செங்குத்தாக எழும் ஓர் எரிமலை. 1987-இல் அதன் கடல் பூங்கா அமைக்கப்பட்டது. அங்கே உள்ளூர் நிறுவனத்தின் துணையின்றி முக்குளிக்க அனுமதி இல்லை. கடலடிக் கோபுரங்களைப் போல நிற்கும் அதன் புகழ்பெற்ற பாறைமுனைகளின் உச்சியே ஏறத்தாழ 27 முதல் 30 மீட்டர் ஆழத்தில்தான் தொடங்குகிறது. அடிப்படைப் பயிற்சி பெற்றவருக்கான வரம்பு 18 மீட்டர். அப்படியானவர் சாபாவுக்குச் சென்றால் எந்த நிறுவனம் சிறந்தது என்று தேடுவதைவிட, மேற்பயிற்சி முடித்துவிட்டுப் போவதே சரி. அங்கே ஆழம் குறைந்த இடங்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் அவற்றுக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

மாதத்தையும் பார்க்க வேண்டும். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பொனேர், அரூபா, குராசோ ஆகியவை பெரும்பாலான சூறாவளிகளின் பாதைக்குத் தெற்கே உள்ளன. அதற்காக அவை முற்றிலும் தப்பியவை அல்ல. 1999-இல் லென்னி, 2008-இல் ஓமர் ஆகிய சூறாவளிகள் எழுப்பிய அலைகள் பொனேரின் ஆழம் குறைந்த பவளங்களை நொறுக்கின. புயலால் படகு போகவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், வடிகட்டி அழுத்தப்பட்டது. கரீபியனில் மிகுதியாகப் புழங்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2200 லிட்டர் காற்று அடைக்கப்படுகிறது.

இந்தக் காற்றை நிரப்பும் கம்ப்ரசரைப் பயணிகள் யாரும் பார்ப்பதில்லை. அது கடையின் பின்புறம் ஒரு கொட்டகையில் இருக்கும். ஆனால் நிறுவனத்தின் தரத்தை அறிய அதைவிடச் சிறந்த இடம் இல்லை. கம்ப்ரசர் காற்றை உள்ளிழுக்கும் குழாய், ஜெனரேட்டர் அல்லது வண்டிகளின் புகைக்கு அருகே இருந்தால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போய்விடும். கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடாகி அதன் எண்ணெய் கருகினாலும் இதே வாயு உண்டாகும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்ந்துகொள்கிறது.

நிலத்தில் பெரிதாகத் தெரியாத அளவும் கடலடியில் ஆபத்தாவதற்குக் காரணம் அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் மொத்தம் 4 வளிமண்டலங்கள். அதாவது சிலிண்டரில் பத்து லட்சத்தில் 10 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால், அந்த ஆழத்தில் அதன் தாக்கம் மேற்பரப்பில் 40 பங்கைச் சுவாசிப்பதற்குச் சமம். தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். படகில் வரும் குமட்டலும் இப்படித்தான் இருக்கும் என்பதால் பலர் அதைக் கடல் ஒவ்வாமை என்று விட்டுவிடுவார்கள். முக்குளிப்புக் காற்றில் இந்த வாயுவுக்கான உச்சவரம்பாக ஐரோப்பியத் தரநிலை பத்து லட்சத்தில் 5 பங்கையும், அமெரிக்காவில் வழக்கில் உள்ள 'கிரேடு ஈ' தரம் 10 பங்கையும் வைத்துள்ளன.

எனவே டைவ் ஷாப்பிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உங்கள் காற்றைக் கடைசியாக எப்போது ஆய்வகத்தில் சோதித்தீர்கள்? அறிக்கையைப் பார்க்கலாமா?" மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது நல்ல நிறுவனங்களின் வழக்கம். பலர் அறிக்கையைச் சுவரிலேயே ஒட்டியிருப்பார்கள். சிலர் கம்ப்ரசரிலேயே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்தியிருப்பார்கள். "இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை" என்பது பதில் ஆகாது. சில தீவுகளில் காற்று நிரப்புவது வேறொரு நிறுவனத்தின் வேலை. பல கடைகள் அங்கிருந்தே சிலிண்டர்களை வாங்குகின்றன. அப்படியானால் யார் நிரப்புகிறார்கள் என்றாவது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக்சிஜன் விகிதம் கூட்டப்பட்ட 'நைட்ராக்ஸ்' காற்றைப் பயன்படுத்துவோர் ஒன்றை எளிதாகக் கவனிக்கலாம். 32 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள கலவையை வழக்கமான வரம்பின்படி ஏறத்தாழ 34 மீட்டருக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது. மீறினால் வலிப்பு வரக்கூடும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரையும் பயன்படுத்தப் போகிறவரே அளந்து, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அளக்கும் கருவியை உங்கள் கையில் தராமல், "நாங்கள் பார்த்துவிட்டோம்" என்று சொல்லும் கடையில் மற்ற விதிகளும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?

நாம் நிறுவனத்திடம் கேட்கும் கேள்விகளைவிட, நிறுவனம் நம்மிடம் கேட்கும் கேள்விகள் அதன் தரத்தை அதிகம் காட்டுகின்றன. நல்ல நிறுவனம் பயிற்சிச் சான்று அட்டையை வாங்கிப் பார்க்கும். கடைசியாக எப்போது முக்குளித்தீர்கள், எங்கே, எவ்வளவு ஆழம் என்று கேட்கும். இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால் முதலில் நீச்சல்குளத்திலோ ஆழமற்ற கடலிலோ ஒரு நினைவூட்டல் பயிற்சி செய்யச் சொல்லும். இதைப் பணம் பறிக்கும் தந்திரம் என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். முகக்கண்ணாடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றுவது எப்படி என்பது 15 மீட்டர் ஆழத்தில் மறந்துபோனால், அந்தக் குறைபாடு வேறு மாதிரி ஒலிக்கும். பொனேரில் இது நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்படவில்லை: பூங்காவின் விதிகளைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டு, கடைக்கு எதிரிலுள்ள ஆழமற்ற நீரில் ஒரு சோதனை முக்குளிப்பு செய்த பிறகே மற்ற இடங்களுக்குப் போகலாம்.

மருத்துவப் படிவம் அடுத்தது. ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காது அறுவை, நீரிழிவு, கர்ப்பம் என்று அதில் கேள்விகள் வரும். 'ஆம்' என்று குறிப்பிட்டால், பதிலைப் பொறுத்து மருத்துவரின் சான்று தேவைப்படலாம். விடுமுறையில் வந்த இடத்தில் மருத்துவரைத் தேடுவது பெரும் தொல்லை என்பதால், "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுங்கள்" என்று காதோடு காதாகச் சொல்லும் ஊழியர்கள் உண்டு. உதவி செய்வது போலத் தோன்றும் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் அந்தக் கடையை விட்டு வெளியேறிவிடலாம். பொய்யான பதிலால் காப்பீடும் கைகொடுக்காமல் போகக்கூடும். உடலில் ஏதேனும் சிக்கல் இருப்பவர்கள் படிவத்தை இணையத்தில் முன்பே எடுத்து, சொந்த ஊரிலேயே மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பயணம் தொடங்குவது நல்லது.

பயிற்சியே இல்லாதவர்களுக்கென ஒரு நாள் அறிமுக முக்குளிப்பு உண்டு. பாடி என்ற பயிற்சி அமைப்பின் விதிப்படி இதில் ஆழ வரம்பு 12 மீட்டர். கடலில் ஒரு பயிற்சியாளர் அதிகபட்சம் 4 பேரைத்தான் அழைத்துச் செல்லலாம். இது உச்சவரம்பே தவிர, சிறந்த எண்ணிக்கை அன்று. கப்பலில் வந்து சில மணி நேரமே தீவில் தங்கும் பயணிகளுக்கு இந்த அறிமுகம் அவசர அவசரமாக நடக்கும் வாய்ப்பு அதிகம். ஆழமற்ற நீரில் மூச்சுவிடவும், வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை மீட்கவும் கற்றுத் தராமல் நேரே படகிலேற்றினால் மறுத்துவிட வேண்டும். மூச்சைப் பிடித்தபடி மேலேறினால் நுரையீரல் கிழியும் என்ற ஒரு பாடத்துக்காகவே அந்த அரைமணி நேரம் தேவை.

உங்கள் திறமைக்கு மேற்பட்ட இடத்துக்கு அழைத்துச் செல்ல மறுப்பதும் நல்ல நிறுவனத்தின் அடையாளம். மத்திய அமெரிக்கக் கரையிலுள்ள பெலீஸ் நாட்டின் 'கிரேட் புளூ ஹோல்' என்ற கடல் பள்ளம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சுமார் 300 மீட்டர் அகலமும் 120 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட அந்தப் பள்ளத்தில் மக்கள் பார்க்க விரும்பும் சுண்ணாம்புத் தூண்கள் 40 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் உள்ளன. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர்தான். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மயக்குகிறது. காற்றும் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு வேகத்தில் தீர்கிறது. நான்கைந்து முறை மட்டுமே முக்குளித்தவரிடம் இதற்கான சீட்டை விற்கும் நிறுவனம், அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

படகில் பார்க்க வேண்டியவை

1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியை நடுக்கடலில் விட்டுவிட்டு முக்குளிப்புப் படகு கரை திரும்பியது. தலை எண்ணுவதில் பிழை. இருவர் குறைகிறார்கள் என்பது தெரியவரவே இரண்டு நாள்கள் ஆயின. அவர்கள் மீட்கப்படவே இல்லை. நடந்த இடம் கரீபியன் அன்று. ஆனால் படகில் முக்குளிக்கும் எந்தக் கடலிலும் நடக்கக்கூடியது. படகு கிளம்பும் முன்பும், ஒவ்வொரு இடத்தைவிட்டு நகரும் முன்பும் பெயர் சொல்லி அழைத்து, அவரவர் வாயால் பதில் வாங்குகிறார்களா என்று கவனியுங்கள். தலைகளை விரலால் எண்ணுவது போதாது. யாரோ ஒருவர் கழிப்பறையில் இருப்பார், வேறொருவர் இரண்டு முறை எண்ணப்பட்டிருப்பார்.

முக்குளிப்பவர்கள் நீரில் இருக்கும்போது படகில் இயந்திரத்தை இயக்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த, படகைக் கட்டிவிட்டு ஓட்டுநரே வழிகாட்டியாக இறங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மேலே நீரோட்டத்தில் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டால் அவரைத் துரத்திப் போக ஆள் இல்லை. முன்பதிவுக்கு முன்பே இதை மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

ஆக்சிஜன் பெட்டி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலேறும்போது சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்கும் குமிழ்களைப் போல இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழிடுகிறது. இதுவே அழுத்தத் தளர்வு நோய். மூட்டு வலி, தோல் அரிப்பு, மரத்துப்போதல் தொடங்கி பக்கவாதம் வரை போகலாம். இதைத் தவிர்க்கவே நிமிடத்துக்கு 9 மீட்டர் அளவில் மெல்ல மேலேறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கிறார்கள். எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் சில சமயம் வந்துவிடுவதுண்டு. வந்தவுடன் தரும் முதலுதவி தூய ஆக்சிஜன். பெட்டி இருந்தால் மட்டும் போதாது. மருத்துவமனைக்குப் போய்ச்சேரும் வரை தாங்கும் அளவு அதில் இருக்கிறதா, அழுத்தமானி எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைக் கேட்டால் நல்ல படகோட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். பெருமையோடு திறந்து காட்டுவார்.

உயிர்காப்பு மிதவை, வானொலிக் கருவி, ஏறுவதற்கு உறுதியான ஏணி ஆகியவற்றையும் பார்க்கலாம். குழுவின் அளவைப் பொறுத்தவரை ஒரு வழிகாட்டிக்கு 6 பேர் என்றால் நிம்மதி. 12 பேரை ஒருவர் கூட்டிச்செல்வது வழிகாட்டல் அன்று, ஊர்வலம்.

விபத்து நேர்ந்தால் எங்கே போவது?

அழுத்தத் தளர்வு நோய்க்கு முழுச் சிகிச்சை, உயரழுத்த அறையில் பல மணி நேரம் ஆக்சிஜன் செலுத்துவது. பொனேர், கோசுமெல் ஆகிய தீவுகளில் இத்தகைய அறைகள் உள்ளன. பல சிறு தீவுகளில் இல்லை. அங்கிருந்து விமானத்தில், அதுவும் தாழப் பறந்து, வேறு தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். 'மிக அருகிலுள்ள அறை எது? இப்போது இயங்குகிறதா? அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்?' என்ற மூன்று கேள்விகளுக்கும் ஊழியர் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும். பெயரளவில் உள்ள அறை, இயக்க ஆள் இல்லாமல் பூட்டிக் கிடப்பதும் உண்டு.

செலவு பெரியது. வழக்கமான பயணக் காப்பீட்டில் முக்குளிப்பு விலக்கப்பட்டிருக்கலாம், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரை மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கெனவே தனிக் காப்பீடுகள் உள்ளன. 1980-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு இந்தத் துறையில் பரவலாக அறியப்பட்டது. 24 மணி நேரமும் முக்குளிப்பு மருத்துவ ஆலோசனை தரும் அவசரத் தொலைபேசி எண்ணும் அதற்கு உண்டு.

பவளத்தின் பக்கம் நிற்கும் நிறுவனம்

இதைப் பலர் 'இயற்கை ஆர்வலர்களுக்கான' தனிக் கேள்வியாக நினைக்கிறார்கள். அப்படியல்ல. பவளத்தை மதிக்கும் நிறுவனத்தில் ஒழுங்கும் இருக்கும். ஆமையை விரட்டிப் பிடித்துப் படம் எடுக்கவிடும் வழிகாட்டி, ஆழ வரம்பையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

நங்கூரம் போடாமல் நிலையான மிதவையில் படகைக் கட்டுகிறார்களா என்பது முதல் அடையாளம். பொனேரின் கடல் பூங்காவில் பவளத்தின் மீது நங்கூரம் போடுவதற்கே தடை. அங்கும் கோசுமெலிலும் முக்குளிப்பவர்கள் கையுறை அணியக் கூடாது. கையுறை இருந்தால் பாறையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும், வெறுங்கை என்றால் தோன்றாது. எளிய, கூர்மையான விதி.

2014-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் முதலில் காணப்பட்ட கல்பவளத் திசு இழப்பு நோய் கரீபியன் முழுவதும் பரவிவருகிறது. கோசுமெலை 2018-இலும் பொனேரை 2023-இலும் அது எட்டியது. நூற்றாண்டுகளாக வளர்ந்த மூளைப்பவளங்களையும் சில வாரங்களில் வெண்ணிற எலும்புக்கூடாக்கிவிடும் நோய் இது. இதனால், நோய் தாக்கிய இடத்தில் பயன்படுத்திய கருவிகளைக் கிருமிநீக்கிக் கரைசலில் அலச வேண்டியிருக்கிறது. கடையில் அதற்கான தொட்டி இருக்கிறதா, ஊழியர்களே அதைப் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். பெயருக்கு ஒரு தொட்டி வைத்துவிட்டு யாரும் தொடாமல் விடுவதும் நடக்கிறது.

விலை, மதிப்புரை, சான்றிதழ்

பயிற்சி அமைப்புகளின் ஐந்து நட்சத்திரப் பலகை, கடை அந்த அமைப்பின் பாடங்களை நடத்துகிறது என்பதற்கே முதன்மையான சான்று. படகின் நிலையை அது சொல்வதில்லை. முக்குளிப்புச் சேவை தருவோருக்கென ஐஎஸ்ஓ 24803 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. அதைப் பின்பற்றுகிறீர்களா என்று கேட்டால், கேட்கப்பட்டவரின் முகத்திலேயே பதில் கிடைத்துவிடும்.

இணைய மதிப்புரைகளில் "அருமை, மறக்க முடியாதது" என்பவற்றைக் கடந்துபோங்கள். கோபமான மதிப்புரைகளே பயனுள்ளவை, அதுவும் கோபத்தின் காரணம். 'காற்று அலை என்று சொல்லிப் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள்', 'என்னை ஆழத்துக்கு விடவில்லை' என்று யாராவது திட்டியிருந்தால் அது அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த பாராட்டு.

விலையை ஒப்பிடும்போது என்னென்ன அடங்கும் என்று கேட்டு ஒப்பிட வேண்டும். கருவி வாடகை, பூங்காக் கட்டணம், வரி, வழிகாட்டிக்கான அன்பளிப்பு ஆகியவை சேர்ந்தால் மலிவாகத் தெரிந்தது மலிவாக இராது. வாரம் முழுவதற்கும் முன்பணம் கட்டிவிடாமல், முதல் நாளுக்கு மட்டும் பதிவு செய்து பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்வது, நெரிசல் இல்லாத மாதங்களில் எளிதாக நடக்கும். பொனேரில் வாடகை வண்டியோடு செல்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: நிறுத்திய வண்டியில் பொருள்களை விட்டுச்செல்லக் கூடாது. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்படி கதவைப் பூட்டாமல் விடுவதே அங்கே வழக்கம். பூட்டினால் கண்ணாடியை உடைப்பார்கள்.

கடைசி நாள்

முக்குளித்த உடலில் நைட்ரஜன் எஞ்சியிருக்கும்போது விமானம் ஏறினால், அறையின் குறைந்த அழுத்தத்தில் அது குமிழிடக்கூடும். ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து முக்குளித்த பிறகு குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டல். பலர் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் விடுகிறார்கள். முன்பதிவின்போதே உங்கள் விமான நேரத்தைக் கேட்டு, கடைசி முக்குளிப்பை அதற்கேற்பக் குறிக்கும் நிறுவனம் தன் வேலையை அறிந்தது. நாளை காலை ஏழு மணிக்கு விமானம் என்று தெரிந்தும் இன்று இரவு முக்குளிப்புக்குச் சீட்டு எழுதுபவரும் இருக்கிறார்.

மலையேறுவதற்கும் இதே கணக்குப் பொருந்தும். பொனேரின் உச்சியான பிராண்டாரிஸ் குன்று 241 மீட்டர்தான். அதனால் பெரிய கவலை இல்லை. சாபாவின் சீனரி மலை 870 மீட்டரை ஒட்டிய உயரம். முற்பகலில் இரண்டு முறை ஆழத்தில் முக்குளித்துவிட்டு அன்று மாலையே அதன் படிகளில் ஏறத் திட்டமிடுவோர், படகில் ஏறும்போதே அதை வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். மலையை முதல் நாளில், முக்குளிப்பு தொடங்கும் முன்பே ஏறி முடித்துவிடுவது இன்னும் வசதி.